மடிப்பின் விளிம்பும் வாயும்: ஏடிபி சிந்தேஸா, மைக்காஸா?

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மடிப்புகளை வளைப்பதில் இரண்டு புரதத் தொகுதிகள் முக்கியமானவை: ஏடிபி சிந்தேஸ், மைக்காஸ். ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ், இரண்டிரண்டாக இணைந்து மடிப்பின் விளிம்பில் வரிசைகட்டி அதைக் கூராக வளைக்கிறது. ஈஸ்டில் இணையின் இரு சிந்தேஸ்களுக்கும் இடையிலான கோணம் சுமார் 86 டிகிரி. மைக்காஸ் காவல் நிற்பதோ மடிப்பு மற்ற உட்சவ்வோடு சேரும் குறுகிய வாயில்.

நீக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஈஸ்டில் சிந்தேஸ் இணைசேராவிட்டால் உட்சவ்வு வெங்காயம்போல் அடுக்கடுக்காகச் சுருள்கிறது. மைக்காஸின் அங்கமான மிக்60 என்ற புரதம் போனாலோ வாய்கள் மறைந்து, மடிப்புகள் கழன்று தனித் தகடுகளாகின்றன.

கலைந்த மடிப்புகளின் மறுகட்டமைப்பு என்று வந்தால் என் ஓட்டு மைக்காஸுக்கே. மிக்60 நீக்கப்பட்ட மனிதச் செல்களில் அதை மீண்டும் உருவாக்கியபோது, கலைந்துகிடந்த மடிப்புகளிலேயே புதிய வாய்கள் திறந்தன. எத்தனை அழகான சான்று! ஆனால் அளவு மீறக்கூடாது: ஈஸ்டில் மிக்60 மிகுந்தால் சிந்தேஸ்கள் ஒன்றுசேர்ந்த கூட்டிணைவுகள் குறைந்து, மடிப்புகள் கிளைவிடுகின்றன.