வீட்டுல ஆர்சனிக் விஷம் இருக்கான்னு பாக்குற கிட்: தண்ணிக்கு ஓகே, மண்ணுக்கு வாங்காதீங்க

அஞ்சுக்கு மூணு ஸ்டார். நல்ல பொருள்தான், ஆனா நான் எதுக்கு வாங்குனேனோ அதுக்கு உதவல.

நாங்க இருக்கிறது இங்கிலாந்துல, கார்ன்வால் ஓரத்துல டேமர் ஆத்துப் பக்கம், கன்னிஸ்லேக் கிட்ட. ஆத்துக்கு அந்தக் கரையில டெவன் கிரேட் கன்சோல்ஸ்னு பழைய சுரங்கம், 1844ல செம்பு எடுக்க ஆரம்பிச்சாங்க, செம்பு குறைஞ்சதும் அதே பாறையில இருந்த ஆர்சனிக்க எடுத்து உலகம் பூரா வித்தாங்க. தாதுவ வறுத்து அந்தப் புகைய வளைஞ்சு வளைஞ்சு போற செங்கல் பாதை வழியா விட்டா சுவத்துல வெள்ளையா படியும், மூக்குல பஞ்ச அடைச்சிட்டு உள்ள போய் ஆளுங்க அத சுரண்டி எடுத்திருக்காங்க, நெனச்சாலே வயித்த கலக்குது. மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அங்க சில மேட்டுல புல்லு கூட மொளைக்கல.

எங்க பூனை வாரத்துல ரெண்டு மூணு எலிய வாசல்ல கொண்டு வந்து போடும், வுட் மவுஸ்னு சொல்ற காட்டு எலி, பெரிய காது, பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. ஒரு நாள் அத்தை "ஏம்மா, இத திங்கிற பூனைக்கு ஒண்ணும் ஆகாதா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல, அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

பாட்டில்ல கோடு வரைக்கும் தண்ணி, ஆசிட் பவுடர், அப்புறம் துத்தநாகப் பவுடர், உடனே நுரைக்கும், மூடியில ஒரு வெள்ளை பட்டைய சொருகி பத்து நிமிஷம் வெச்சா ஆர்சனிக் இருந்தா மஞ்சளாகும், நெறைய இருந்தா பழுப்பாகும். கெளம்புற வாயு விஷம், பட்டையில பாதரசம் இருக்கு, அதனால வெளியில வெச்சு கையுறை போட்டு பண்ணுங்க, இத பெட்டியில பொடி எழுத்துல போட்டிருக்காங்க, அதுக்கே ஒரு ஸ்டார் கொறைச்சேன். ட்யூப்லைட்ல பாத்தா வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணாத்தான் தெரியுது, பகல் வெளிச்சத்துல கலர் அட்டையோட வெச்சு பாருங்க. எங்க போர் தண்ணிக்கு பட்டை வெள்ளையாவே இருந்துச்சு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் குடிதண்ணிக்கு வரம்பு, அன்னைக்கு நிம்மதியா தூங்குனேன்.

அடுத்து தோட்டத்து மண்ண தண்ணியில கலக்கி பாத்தேன், லேசான மஞ்சள், பெருசா ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். தப்பு. இங்க மண்ணுல ஆர்சனிக் இரும்புத் துருவோட ஒட்டிட்டு இருக்கும், சும்மா தண்ணியில கலக்குனா அதிகமா வெளிய வராது, ஆனா வயித்து ஆசிட்ல ஒரு பங்கு கரையும். லேப்ல குடுத்து பாத்தப்போ, வீட்டு மண்ணுக்குன்னு 2009ல இங்க வெச்ச அளவு கிலோவுக்கு 32 மில்லிகிராம், அதவிட எங்க மண்ணுல பல மடங்கு.

எலி கதையும் அங்கதான் இருக்கு. வுட் மவுஸ் விதையும் பூச்சியும் திங்கும், பேங்க் வோல்னு இன்னொரு குட்டி ஜீவன் எலை, பழம் திங்கும், ரெண்டும் சாப்பாட்டோட மண்ணையும் முழுங்குது, ஒடம்ப நக்கும்போது ரோமத்துல இருக்கிற தூசியும் உள்ள போகுது. இந்தப் பக்கத்து பழைய சுரங்கங்கள்ல இந்த ரெண்டையும் புடிச்சு பாத்த ஆராய்ச்சி 2000ல வந்துச்சு, சுத்தமான எடத்து எலிகளவிட இதுங்க ஒடம்புல ஆர்சனிக் அதிகம். ஒரே ஆறுதல், எலி ஒடம்பு ஆர்சனிக்க சீக்கிரம் மூத்திரத்துல வெளிய தள்ளிடும், பாதரசம் மாதிரி சேந்துக்கிட்டே போகாது, ஆனா தெனம் அதே மண்ணுல மேயுற எலிக்கு தெனம் புதுசா உள்ள போயிட்டுத்தான இருக்கு. பாவம் அதுங்க, யாரோ நூறு வருஷம் முன்னாடி காசு பாத்துட்டு போனதுக்கு.

சொந்தக் கெணறு, போர் இருக்கிறவங்க தாராளமா வாங்கலாம். மண்ணுக்குன்னா கிட் காச லேப்புக்கே குடுங்க. எங்க வீட்டுல இப்ப செருப்பு வாசலோட சரி, பூனை கழுத்துல மணி கட்டியாச்சு, உள்ள வந்ததும் அத்தை அதோட நாலு பாதத்தையும் ஈரத்துணியால தொடைக்கிறாங்க.