மிடில் ஸ்கூல் பாக்குறப்ப ப்ரொஃபிஷியன்சியா, க்ரோத்தா?

அமெரிக்கால வீடு மாத்தப் போறவங்க நெறைய பேர் ரெண்டு பப்ளிக் (அதாவது அரசு) மிடில் ஸ்கூலை வெச்சுக்கிட்டு எந்த நம்பரை நம்புறதுன்னு கேக்குறாங்க.

என்ன சொல்லுது?
ப்ரொஃபிஷியன்சி: ஸ்டேட் வெச்ச மார்க்கை எத்தனை சதவீதம் பசங்க தாண்டினாங்க.
க்ரோத்: அதே பசங்க போன வருஷத்தை விட எவ்ளோ முன்னேறுனாங்க.

கிடைக்குதா?
ப்ரொஃபிஷியன்சி: ஈஸி. 3ல இருந்து 8வது கிரேடு வரைக்கும் வருஷா வருஷம் ரீடிங், மேத் டெஸ்ட் கட்டாயம், 2015ல வந்த ஃபெடரல் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ரிசல்ட்டைக் காட்டுற ரிப்போர்ட் கார்டும் போட்டாகணும்.
க்ரோத்: ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கணக்கு வேற, கொஞ்சம் தேடணும்.

குடும்ப வருமானம்?
ப்ரொஃபிஷியன்சி: இதுலதான் சிக்கலே. 6வதுல உள்ள வர்ற புள்ள எலிமென்டரில படிச்சதையும் வீட்டு வசதியையும் சேத்துத்தான் கொண்டு வருது, அதனால வசதியான ஏரியா ஸ்கூல் பெருசா ஒண்ணும் கிழிக்கலைன்னாலும் நம்பர் ஜம்முனு நிக்கும்.
க்ரோத்: இந்த பாதிப்பு கம்மி. ஆனா பசங்க கம்மியா இருந்தா வருஷத்துக்கு வருஷம் ஆடும்.

வருமானத்தைக் கணிக்க ஃப்ரீ லன்ச் வாங்குற பசங்க சதவீதத்தையும் பாப்பாங்க. ஆனா அது 100% னு பாத்து எல்லாருமே ஏழைன்னு நெனச்சுடாதீங்க, கம்யூனிட்டி எலிஜிபிலிட்டிங்குற அரசு சாப்பாட்டுத் திட்டத்துல சேந்த ஸ்கூல்ல வருமானம் பாக்காம எல்லாருக்குமே சாப்பாடு ஃப்ரீ.

புள்ள ஏற்கனவே மேத்ல முன்னாடி இருக்கு, 8வதுலயே அல்ஜீப்ரா வேணும்னா ப்ரொஃபிஷியன்சி பாருங்க, அது அதிகமா இருக்குற ஸ்கூல்ல அந்த கிளாஸை நிரப்ப ஆள் இருக்கும். பின்தங்கியோ இங்கிலீஷ் புதுசாவோ இருந்தா க்ரோத், அதுலயும் ரிப்போர்ட் கார்டுல இங்கிலீஷ் லேர்னர்ஸ் (இங்கிலீஷ் இன்னும் கத்துக்கிட்டு இருக்குற பசங்க) நம்பரைத் தனியா பாருங்க.