உம்ராவ் ஜான் (1981): பாட்டை ஓட்டிவிட்டால் படமே இல்லை

பாட்டு வந்ததும் ஓட்டிவிடுகிற ஆளாக இருந்தால் முசாஃபர் அலி இயக்கிய ‘உம்ராவ் ஜான்’ என்ற இந்திப் படத்தின் பக்கம் போகாதீர்கள், ஏனென்றால் இதில் கதை நகர்வதே பாட்டுக்குள்தான், நடுவில் வரும் வசனக் காட்சிகள் பல இடங்களில் சுமார், சில இடங்களில் இழுவை.

1840 வாக்கில் ஃபைசாபாத்தில் அமீரன் என்ற சிறுமியை, அவள் அப்பாமேல் பகை வைத்திருந்த ஒருவன் தூக்கிக்கொண்டுபோய் லக்னோவில் ஒரு தவாயிஃப் (ஆடிப்பாடும் தாசி) வீட்டில் விற்றுவிடுகிறான். அங்கே பாட்டு, கதக், உருதுக் கவிதை எல்லாம் சொல்லிக்கொடுத்து, நவாபுகள் வந்து உட்காரும் சபைக்கு அவளை உம்ராவ் ஜானாகத் தயார் செய்கிறார்கள். அவள் வளர்வதைக் காட்ட ஒரு ராகமாலிகை வருகிறது பாருங்கள், உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானும் கூடச் சில குரல்களும் ராகம் ராகமாக மாறிக்கொண்டே போக, பாடம் படிக்கிற சிறுமி அதே பாட்டுக்குள் ரேகாவாகிவிடுகிறாள். ‘சில வருடங்களுக்குப் பிறகு’ என்று கார்டு போட வேண்டிய வேலையை ராகங்களே பார்த்துவிடுகின்றன.

அப்புறம் வருவது இசையமைப்பாளர் கய்யாமின் ராஜ்ஜியம். ஆஷா போஸ்லேயை அவர் வழக்கமாகப் பாடும் சுருதியிலிருந்து கீழே இறக்கிப் பாட வைத்திருக்கிறார். ஆஷா என்றாலே துள்ளல் என்று பழகிய காதுக்கு ‘தில் சீஸ் க்யா ஹை’ முதல் வரியிலேயே வேறு ஆளோ என்று சந்தேகம் வரும். குரலில் கொஞ்சம் கனம், கொஞ்சம் களைப்பு, அவசரமே இல்லை. அந்தப் பாட்டுக்குத்தான் அவருக்கு முதல் தேசிய விருது கிடைத்தது. ‘இன் ஆங்கோன் கி மஸ்தி’ பாட்டு பீம்பளாசி ராகம், நம் காதுக்கு ஆபேரி மாதிரி கேட்கும், அதனாலேயே மொழி புரியாமலும் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. பாட்டெழுதிய கவிஞர் ஷஹ்ரியாரின் கசல்களை (உருதுக் கவிதை வகை) சினிமாப் பாட்டு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தனியாகப் படித்தாலும் நிற்கக்கூடியவை.

ரேகாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெமினி கணேசனின் மகள், நம் சென்னையில் பிறந்தவர், உருதுக் கவிதை வாசிக்கிற பெண்ணாக இவ்வளவு பொருந்துவார் என்று யார் நினைத்திருப்பார்கள்! சுற்றிச் சுழன்று ஆடுவதைவிட உட்கார்ந்தபடி கையையும் கண்ணையும் வைத்துச் செய்யும் அபிநயம்தான் அதிகம் மனசில் நிற்கிறது. கேட்பவர்கள் ‘வாஹ் வாஹ்’ போடும்போதும் முகத்தில் பெருமிதம் இல்லை, வேறெங்கோ போய்விட்ட மாதிரி ஒரு பார்வை. தேசிய விருது கொடுத்ததில் ஆச்சரியமே இல்லை. உடைகள் சுபாஷிணி அலி செய்தவை (கேப்டன் லட்சுமியின் மகள், பின்னால் எம்.பி. ஆனவர்), எதுவும் வாடகைக்கு எடுத்த நாடக உடை மாதிரித் தெரியவில்லை.

ஆண்கள்தான் தேறவில்லை. ஃபாரூக் ஷேக் பார்க்க நல்ல நவாப், ஆனால் உம்ராவைக் காதலித்துவிட்டு வீட்டில் சொன்ன பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுகிற பாத்திரம், அவ்வளவுதான். கொள்ளைக்காரனாக ராஜ் பப்பர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒட்டிப் பிழைக்கிற கோஹர் மிர்சாவாக நசீருத்தீன் ஷா மட்டும் கிடைத்த இடத்தில் அடித்து ஆடுகிறார்.

எனக்கு உண்மையிலேயே குறையாகப் பட்டது வேறு. மிர்சா ஹாதி ருஸ்வா 1899-ல் எழுதிய மூல நாவலில் வயதான உம்ராவே தன் கதையை ருஸ்வாவிடம் சொல்வாள், இடையிடையே இருவரும் கவிதையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், அவளிடம் குறும்பும் கிண்டலும் நிறைய உண்டு. படம் அந்த உரையாடலைத் தூக்கிவிட்டது, கூடவே அவள் சிரிப்பும் போய்விட்டது, சோகம் மட்டும் மிச்சம்.

முடிவைச் சொல்லப்போகிறேன், வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 1857 கலவரத்தில் லக்னோவை விட்டு ஓடும் உம்ராவ், சுற்றி அலைந்து ஃபைசாபாத்துக்கே வந்து சேர்கிறாள். பிறந்த வீட்டுப் பக்கத்திலேயே காசுக்குப் பாட வேண்டியதாகிறது. ‘யே க்யா ஜகா ஹை தோஸ்தோ’ அங்கேதான் வருகிறது. இது எந்த இடம் என்று அவள் கேட்டுக்கொண்டே பாட, எந்த இடம் என்பது அவளுக்கும் நமக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா கட்டிக்கொள்வதும் தம்பி விரட்டுவதும் கொஞ்சம் சினிமாத்தனம்தான், ஆனால் பாட்டு ஏற்கெனவே அடித்துவிட்டதால் அது பெரிதாக உறுத்தவில்லை.

2025-ல் பிரிண்ட்டைச் சீர்செய்து தியேட்டரில் மறுபடி வெளியிட்டார்கள், கிடைத்தால் அந்தப் பிரதியையே பாருங்கள். தேடும்போது 1981 என்று சேர்த்துத் தேடுங்கள். 2006-ல் ஐஸ்வர்யா ராயை வைத்து ஜே. பி. தத்தா எடுத்தது வேறு படம், அது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதில் பாட்டை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது.