பத்து லட்சத்து பென்ஸ்: பழைய இ250 சிடிஐ நெல்லையில் கட்டுப்படியாகுமா?

புதிதாக வந்தபோது நாற்பது லட்சத்துக்கு மேல் விலை போன மெர்சிடிஸ் பென்ஸ் இ250 சிடிஐ டீசல் கார், இப்போது பத்து லட்சத்தை ஒட்டியே கைமாறுகிறது. கம்பெனி டபிள்யூ212 என்று குறிக்கும் 2009-இல் வந்த பாடி, 2013-இல் முன்பக்கம் மாறிய அதே வண்டிதான். வாங்கும் விலை யாருக்கும் கட்டுப்படியாகும். பார்ட்ஸ் வாங்கப் போனால்தான் அது நாற்பது லட்சத்து வண்டி என்பது தெரியவரும்.

ஓட்டுவதற்குக் குறை சொல்ல முடியாது. 2143 சிசி, நாலு சிலிண்டர், 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க். ஆனி, ஆடிக் காற்றில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போகும்போது சின்ன கார்கள் தள்ளாடும். இது அசையாமல் போகும். ஐடிலில் மட்டும் வேன் மாதிரி சத்தம் போடும். அது ரிப்பேர் இல்லை, இந்த இன்ஜினின் குணமே அப்படி. நான்குவழிச் சாலையில் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கிடைக்கும். நெல்லை டவுன், வண்ணார்பேட்டை நெரிசலில் பத்தைத் தாண்டினால் ஆச்சரியம்.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். "நீங்க வாரதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டேன்" என்று விற்கிறவர் சொன்னால், இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். இந்த வண்டியின் ஓஎம்651 இன்ஜினில், வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று வினாடிகள் கடகடவென்று கேட்கும், சூடானதும் அடங்கிவிடும். செயினை அதன் வழிகாட்டித் துண்டுகளோடு முழுதாக மாற்ற, இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது.

அடுத்தது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். தொடக்கத்தில் வந்த 204 குதிரைத்திறன் வண்டிகளில் டெல்ஃபி கம்பெனியின் பீசோ வகை இன்ஜெக்டர்கள் இருந்தன. உலகம் முழுக்கவே இவை தொல்லை கொடுத்தன. திடீரென்று பவர் குறைந்து வண்டி, மெதுவாக மட்டுமே ஓடவிடும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். பிறகு கம்பெனியே, மின்காந்தத்தில் இயங்கும் சோலனாய்ட் வகைக்கு மாற்றிக்கொடுத்தது. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நான்கையும் புதிதாகப் போட லட்சத்துக்கு மேல் ஆகும் என்பதை மனதில் வைத்தே விலை பேச வேண்டும். இன்ஜின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜெக்டர் அடியில் தார் போலக் கறுப்பாகக் கெட்டிப்பட்டிருந்தால், செப்பு வாஷர் வழியாகப் புகை கசிகிறது என்று அர்த்தம். 'சுஃப் சுஃப்' என்று சன்னமாகச் சத்தமும் வரும். வாஷரின் விலை பெரிதில்லை. இன்ஜெக்டரைக் கழற்றி, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷரும் புது போல்ட்டும் போட்டால் போதும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. கசிவை அப்படியே விட்டால் இன்ஜெக்டர் சிலிண்டர் ஹெட்டோடு இறுகிக்கொள்ளும், பிறகு அதைப் பிடுங்குவதே ஒரு தனிச் செலவு.

நம் பக்கம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பென்ஸ் பல கல்யாண வாடகைக்கு ஓடியவை. மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, மண்டப வாசலில் ஏசி போட்டபடி மணிக்கணக்கில் நின்ற வண்டிக்கு கிலோமீட்டர் ஏறியிருக்காது, இன்ஜின் ஓடிய மணிநேரம் ஏறியிருக்கும். டீசல் இன்ஜினை இதைவிடக் கெடுக்க முடியாது. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டும் கரியால் அடையும். டிபிஎஃப் என்ற புகைக்கரி ஃபில்டர் உள்ள வண்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் சூடு கிடைக்காமல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மீட்டர் குறைவாகக் காட்டி, பின் சீட்டு மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வாங்கிய பிறகும் வாரம் ஒருமுறையாவது கயத்தாறு வரையில் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள்.

கியர்பாக்ஸ் முதலில் ஐந்து கியர், பிறகு ஏழு கியர். ஐந்து கியர்தான் கெட்டி. அதில் வரும் ரிப்பேர் பெரும்பாலும் 13 பின் வயர் கனெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிவு. ஆயில் வயர் வழியாகவே ஏறி கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். சின்ன பார்ட்தான், ஆயில் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ் இது. 80 டிகிரி சூட்டில் தனி அளவுகோல் விட்டு அளக்க வேண்டும். அந்தக் கோல் இல்லாத மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். ஏழு கியரில் கன்டக்டர் பிளேட் என்ற உள் எலெக்ட்ரானிக் தட்டு போனால் புதுசு போட்டு, கம்ப்யூட்டரில் அந்த வண்டிக்கென கோடிங்கும் செய்ய வேண்டும்.

எலெக்ட்ரிகலில் மோசமானது ஸ்டியரிங் லாக். சாவியைப் போட்டதும் 'விர்ர்' என்று ஒரு சின்ன மோட்டார் சத்தம் வர வேண்டும். அது வராமல், மீட்டரிலும் விளக்கு எரியாமல் இருந்தால் உள்ளே மோட்டார் போய்விட்டது. ஸ்டியரிங் பூட்டியபடியே கிடப்பதால் கட்டி இழுக்கவும் முடியாது. வண்டியைத் தூக்கி லாரியில்தான் ஏற்ற வேண்டும். கம்பெனி சர்வீஸ் என்றால் மதுரையோ திருவனந்தபுரமோ, எதுவானாலும் 150 கிலோமீட்டர் அளவு. வாங்கும் முன்பே, பென்ஸுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அருகில் யார் என்று விசாரித்து வையுங்கள்.

வேப்பமரத்தடியில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் சன்ரூஃப் வடிகால் குழாய்கள் பூவாலும் இலையாலும் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் கால்மிதி அடியில் தேங்கும். மிதியைத் தூக்கி உள்ளே கைவைத்து, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கித் தரையின் அடியிலும் அப்படியே, அங்கேதான் பேட்டரி.

சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் இரண்டும் நம்மூர் ஸ்பீட் பிரேக்கருக்குச் சீக்கிரம் தேயும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்கை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள், புஷ்ஷையும் பாருங்கள். லெம்ஃபோர்டர் கம்பெனி பார்ட்ஸ் போட்டால் போதும், நட்சத்திர முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்ஜின் ஆயில் 6.5 லிட்டர், பென்ஸ் கம்பெனியின் எம்பி 229.51 தரம். ஃபில்டரோடு சேர்த்து எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் ஆகும். இந்த வெயிலுக்கு 10,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். 1500 சிசிக்கு மேல் என்பதால், 2022-இல் நிர்ணயித்தபடி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. டயர், பிரேக், எதிர்பாராத ஒரு ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் எடுத்துவைக்க முடியாதவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம்.

டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டி ஓட 2015-இல் தடை போட்டதுதான் காரணம். என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வாழ்நாள் வரியும் கட்டி நெல்லையின் டிஎன்72 நம்பர் போட்ட பிறகு மிச்சம் எவ்வளவு என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், பேங்கின் என்ஓசி கைக்கு வரும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.