ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு மாத்தப் போறீங்களா? என் கதைய கேட்டுட்டு போங்க

முதல்லயே சொல்லிடுறேன், எல்இடியே மோசம்னு சொல்ல வரல. கம்பெனிலயே எல்இடி வெச்சு வர்ற வண்டி வேற, அதுல லைட்டு, லென்ஸு, சூட்ட வெளியேத்துற அமைப்பு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பாத்து செஞ்சது. நான் சொல்றது, ஹாலஜன் பல்ப, அதான் இழை எரியற பழைய வகை பல்ப புடுங்கிட்டு அதே ஓட்டைல எல்இடிய சொருகி விடுறாங்களே, அந்த வேலைய பத்தி. அதுல எனக்கு போனது 6,500 ரூபா, அத சரி பண்றதுக்கு இன்னொரு 3,700. ஒரு ராத்திரி பொண்டாட்டி புள்ளையோட கொடைக்கானல் மலைல தவிச்சது தனி கணக்கு.

நம்ம வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல். மதுரைல இருக்கோம், மாசத்துக்கு ரெண்டு தடவ ராத்திரில திருச்சி போய் வர்ற வேலை. துவரங்குறிச்சி பக்கம் வரும்போதெல்லாம் எதிர்ல வர்றவன் லைட்டுல கண்ணு போயிரும், நம்ம லைட்டு ரோட்டுல விழுதா இல்லையான்னே தெரியாது. மச்சான்தான் சொன்னாரு, "எல்லாரும் எல்இடி போட்டுட்டான், நீங்க மட்டும் இன்னும் சிம்னி வெளக்கு வெச்சு ஓட்டிட்டு இருக்கீங்க மாப்ள"ன்னு. சரின்னு கெளம்பிட்டேன். யோசிச்சிருக்கணும்.

கடை பேரு வேண்டாம். நல்லா ஏசி போட்ட ஆக்சஸரீஸ் கடை, சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பண்றவங்க. அந்த பையன் ஒரு ஸ்டாண்டுல பழைய ஹாலஜன் பல்பு ஒண்ணு, எல்இடி ஒண்ணு பக்கத்து பக்கத்துல எரிய வெச்சு நாலடி தள்ளி சுவத்துல அடிச்சு காமிச்சான். ஒரு பக்கம் மஞ்சளா வடியுது, இன்னொரு பக்கம் பளீர்னு வெள்ளை. பாத்த உடனே விழுந்துட்டேன். பெட்டில 200 வாட்ஸ், வெளிச்ச அளவு 20,000 லூமென்ஸ், வெளிச்சத்தோட கலருக்கு 6,500 கெல்வின்னு தங்க கலர்ல அடிச்சிருந்துச்சு. ஹெட்லைட் ஜோடி 4,200, பம்பர்ல பனிக்காக இருக்கற ஃபாக் லேம்ப் ஜோடி 1,800, மாட்டுற கூலி 500. பில்லு கேட்டா "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, எதுக்கு வீணா, மூணு வருஷம் ரீப்ளேஸ்மென்ட் நம்ம கடை கேரண்டி"ன்னு ஒரு விசிட்டிங் கார்டு பின்னாடி தேதி எழுதி குடுத்தான். ஜிபேல அனுப்பிட்டேன்.

மாட்டும்போது பக்கத்துலதான் நின்னேன். எல்இடி பல்புக்கு பின்னாடி ஒரு குட்டி ஃபேன் இருக்கும், அது ஹெட்லைட்டு பின்னாடி மாட்டுற ரப்பர் மூடிக்குள்ள அடங்கல. பையன் ஒரு பிளேட எடுத்தான், ரப்பர வட்டமா அறுத்தான், ஃபேன வெளிய நீட்டி விட்டுட்டான். "காத்து போகணும்ணே, அப்பதான் லைஃபு". நானும் தலையாட்டினேன். கழட்டுன பழைய பல்பு நாலையும் கேட்டேன், "அத கொண்டுபோய் என்னண்ணே பண்ண போறீங்க, குப்பை"ன்னு ஒரு டப்பால போட்டான். அந்த நாலும் வண்டியோட வந்த கம்பெனி பல்பு. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அன்னிக்கு ராத்திரி தெருவுக்குள்ள ஓட்டும்போது ராஜா மாதிரி இருந்துச்சு. பானட்டுக்கு முன்னாடி பத்தடி பட்டப்பகல். ரிங் ரோட்டுல ஏறுன பிறகுதான் வெவகாரம் தெரிஞ்சுது. டிம்லதான் போறேன், ஆனா எதிர்ல வர்ற ஒருத்தன் விடாம லைட் அடிச்சு காட்றான், பைக்காரன் கண்ண கைய வெச்சு மறைக்கிறான், ஒரு லாரிக்காரரு கண்ணாடிய இறக்கி எங்க அம்மா வரைக்கும் விசாரிச்சுட்டு போனாரு. சரி, நமக்காச்சும் நல்லா தெரியுதான்னா அதுவும் இல்ல. பக்கத்துல அவ்வளவு வெளிச்சம் இருக்கறதால கண்ணு சுருங்கிருது, தூரத்துல ஒரே இருட்டு. பழைய மஞ்ச லைட்டுல தெரிஞ்ச பள்ளம் கூட இதுல கிட்ட வந்த பிறகுதான் தெரியுது. இதுல எஃப்எம் வேற, லைட்ட போட்டா "கர்ர்ர்"னு இரைச்சல், ஆஃப் பண்ணா பாட்டு. கடைக்கு போன் பண்ணா "ஸ்டேஷன் சிக்னல் வீக்கா இருக்கும்ணே"ங்கறான். மலிவு எல்இடில பல்புக்கு கரண்ட்ட அளவா குடுக்கற டிரைவர் சர்க்யூட் ரேடியோவ கெடுக்கும்னு பிறகுதான் தெரிஞ்சுது.

நவம்பர் மாசம் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டும்போதே இருட்டிருச்சு, டம்டம் பாறை கிட்ட தூறல், ஊத்துங்கற ஊர் வந்தப்ப மேகம் அப்படியே ரோட்டுல எறங்கி உக்காந்திருக்கு. பெருமையா ஃபாக் லேம்ப போட்டேன். போட்ட நொடி எதிர்ல பால் ஊத்துன மாதிரி ஒரு வெள்ளை சுவரு. ஆஃப் பண்ணா கொஞ்சம் தெரியுது, போட்டா ஒண்ணும் தெரியல! ஃபாக் லேம்ப் வெளிச்சம் தரையோட தரையா, அகலமா, தட்டையா விழணும், மேல ஏறவே கூடாது. இது எல்லா பக்கமும் செதறுது, பனில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வருது. மஞ்சளா வெள்ளையாங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். பண்ணைக்காடு பிரிவு கிட்ட வலது ஹெட்லைட்டு ரெண்டு தடவ மினுக்கிட்டு நின்னு போச்சு. மீதி மலைய எப்படி ஏறுனேன்னா, ஒரு டூரிஸ்ட் பஸ்ஸோட பின் லைட்ட புடிச்சுக்கிட்டு, என் பக்க கண்ணாடிய இறக்கி தலைய வெளிய விட்டு நடுக்கோட்ட பாத்துக்கிட்டே இருபதுல போனேன். என் பொண்டாட்டி பெருமாள் மலை வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா கூட பரவால்ல.

திரும்பி வந்து கடைக்கு போனேன். அதே பையன் பல்ப கழட்டி ஆட்டி பாத்தான், "உள்ள தண்ணி பூந்துருக்குண்ணே, வாட்டர் டேமேஜ் கேரண்டில வராது"ங்கறான். ஏன்டா தண்ணி பூந்துச்சு, நீ ரப்பர அறுத்ததாலதான! ஓனர்ட்ட போனா அவரு கார்ட திருப்பி திருப்பி பாத்துட்டு "பில்லு இருக்கா சார்?"னு கேட்டாரு. அண்ணே சார் ஆயிட்டேன், அப்பவே புரிஞ்சிருச்சு. சரி, என் பழைய பல்பையாவது குடுங்கன்னேன். டப்பால கைய விட்டு நாலு எடுத்து குடுத்தான். ஒண்ணுல கண்ணாடி கருத்திருக்கு, ஒண்ணுல பேரே இல்ல, ஃபாக் பல்பு ரெண்டும் என் வண்டி மாடலே இல்ல. என்னோடத எவன் வண்டிலயோ செகண்ட்ஸா மாட்டிட்டான்.

அதுக்கப்புறம் எங்க ஏரியால ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்காரு, தகர ஷெட்டு, முப்பது வருஷமா அதே எடம், அவர்ட்ட போனேன். மொதல்லயே போயிருக்கணும். எரிஞ்சுக்கிட்டு இருந்த இடது பல்புல மீட்டர மாட்டினாரு. 2.1 ஆம்ஸ். இன்ஜின் ஓடும்போது வோல்ட்டு 13.8. பெருக்கி பாருங்க, 29 வாட்ஸ். பத்து நிமிஷம் எரிய விட்டு திரும்ப பாத்தா 1.5 ஆம்ஸ், அதாவது 21 வாட்ஸ் கூட இல்ல. சூடாக ஆக அதுவே வெளிச்சத்த கொறைச்சுக்குது. "தம்பி, ஒரு பல்பு நெசமாவே 200 வாட்ஸ் இழுத்தா 12 வோல்ட்டுல பதினாறு ஆம்ஸுக்கு மேல போகும், உன் ஃபியூஸு 15, போட்ட ஒடனே போயிருக்கும். ஃபியூஸு போகலல்ல, அதுலயே தெரிய வேண்டாமா"ன்னாரு. பொறியியல் படிச்ச எனக்கு.

அப்புறம் என் ஹெட்லைட்டுல போடுற எச்4 வகை பழைய ஹாலஜன் பல்பு ஒண்ண கைல குடுத்து காமிச்சாரு. உள்ள ரெண்டு இழை, டிம்முக்கு 55 வாட்ஸ், பிரைட்டுக்கு 60. டிம் இழைக்கு அடில மட்டும் சின்னதா ஒரு கரண்டி மாதிரி தகடு இருக்கு. அந்த கரண்டிதான் விஷயமே. வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட, அதான் பல்புக்கு பின்னாடி இருக்கற கண்ணாடி மாதிரி கிண்ணத்தோட மேல் பாதில மட்டும் பட்டு கீழ எறங்கணும், கீழ் பாதில பட்டா மேல ஏறி எதிர்ல வர்றவன் கண்ணுக்கு போயிரும். எல்இடில வெளிச்சம் தர்ற சிப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும், தகடு சரியா இல்லன்னாலும் கணக்கு மொத்தமும் போச்சு. வண்டிய பத்து மீட்டர் தள்ளி சுவத்த பாக்க நிறுத்தினாரு. ஹெட்லைட்டு நடுப்பகுதி உயரத்துல இருந்து பத்து சென்டிமீட்டர் கீழ ஒரு கோடு கிழிச்ச மாதிரி வெளிச்சம் முடியணும், நம்ம ஊர்ல இடது பக்கம் போறதால இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறலாம். ஹாலஜன்ல அப்படித்தான் விழுந்துச்சு. எல்இடில கோடே இல்ல, சுவரு பூரா வெளிச்சம்.

"நீ எதிர்ல வந்து பாரு"ன்னு அவரோட பைக்க எடுத்துட்டு போக சொன்னாரு. தெரு முனைக்கு போயி திரும்பி வந்தேன். நெசமா சொல்றேன், எனக்கும் காருக்கும் நடுவுல ஒரு நாய் நின்னுச்சு, டயருக்கு ரெண்டடில வந்த பிறகுதான் பாத்தேன். இத போட்டுக்கிட்டுதான் மூணு மாசம் திருச்சி ரோட்டுல போயிருக்கேன். அந்த லாரிக்காரரு திட்டுனது கம்மி.

ஹாலஜன்ல லைட்டு மங்கலா இருந்ததுக்கு காரணம் என்னன்னா, பல்பே இல்ல. ஹெட்லைட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் மஞ்சளா பூத்து போயிருந்துச்சு, பத்தாததுக்கு பழைய வயரிங்ல பல்புக்கு போய் சேர்ற வோல்ட்டேஜ் கொறைஞ்சிருந்துச்சு. வோல்ட்டு பத்து சதவீதம் கொறைஞ்சா ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் கிட்ட கொறையும். கவர பாலிஷ் போட்டு, பேட்டரில இருந்து நேரா ரிலேங்கற சுவிட்ச் வெச்சு வயரிங் இழுத்து, பிராண்டட் 60/55 ஹாலஜன் பல்பு, ரப்பர் மூடி ரெண்டு, ஃபாக் பல்பு ரெண்டு எல்லாம் சேத்து 3,700. இப்ப லைட்டு போதும். எதிர்ல வர்றவன் யாரும் அடிச்சு காட்றதில்ல. வலது ரிஃப்ளெக்டர்ல மட்டும் தண்ணி பூந்த எடத்துல குரோம் கொஞ்சம் உரிஞ்சிருக்கு, அது இனிமே அப்படித்தான்.

சட்டத்தையும் சொல்லிடுறேன், நானும் பிறகுதான் தேடி பாத்தேன். மத்திய மோட்டார் வாகன விதி 106 என்ன சொல்லுதுன்னா, லைட்டுல இருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலது பக்கத்துல, தரைல இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல ஒருத்தர் கண்ணு இருந்தா அவருக்கு கூசக்கூடாது. மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தத்துல, அனுமதிக்காத மாதிரி வண்டிய மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம்னு வேற இருக்கு. ஜெர்மனில 2020லதான் மொத மொத ஒரு பெரிய கம்பெனி எல்இடி பல்ப ஹாலஜன் எடத்துல போட அனுமதி குடுத்தாங்களாம், அதுவும் டெஸ்ட் பண்ணி லிஸ்ட்டுல போட்ட வண்டி மாடலுக்கு மட்டும். நம்ம ஊர்ல பிளேட எடுத்து ரப்பர அறுத்து இருபது நிமிஷத்துல முடிச்சுட்டான்.

அதையும் மீறி மாத்தித்தான் ஆவேன்னா, கைல மீட்டரோட இருக்கற எலக்ட்ரீஷியன் யாரையாவது கூட கூட்டிட்டு போங்க, பகல்ல போகாதீங்க, இருட்டுன பிறகு போயி சுவத்துல கோடு விழுதான்னு பாத்துட்டு காசு குடுங்க. ரப்பர அறுக்கணும்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. எச்8, எச்11, எச்16னு பல்பு வகை இருக்கு, மூணுக்கும் ஒரே எல்இடி பல்புதான்னு ஃபாக் லேம்புக்கு தள்ளி விடுவான். ஹாலஜன்ல அது முறையே 35, 55, 19 வாட்ஸ், மூணும் வேற வேற. கம்பெனி பல்ப கவர்ல போட்டு வீட்டுக்கு கொண்டு வந்துருங்க, பில்லு இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. நான் 1915க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் போட்டேன், மொத கேள்வியே பில்லுதான். ஜிபே ஸ்கிரீன்ஷாட்ட வெச்சு புகார் பதிஞ்சிருக்கேன், கடைல இருந்து இன்னும் பதில் இல்ல.

அந்த எல்இடி செட்டு நாலும் டிக்கில ஸ்டெப்னி பக்கத்துல கெடக்கு. போன வாரம் மச்சான் பாத்துட்டு "மூணுதான் நல்லா இருக்குல்ல மாப்ள, என் வண்டிக்கு குடுங்களேன்"னு கேக்குறாரு.