சகாயிங் பிளவைப் பார்க்க எது உதவும்: ஒளிப்படமா, ரேடாரா?

ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவும், இருட்டிலும் பார்க்கும், நில அசைவைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும். அதனால் நிலநடுக்கம் என்றாலே ரேடார்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பர்மாவில் வாழும் நமக்கு அந்த முடிவு பாதிதான் பொருந்தும். காரணம், நம் பிளவு ஓடும் திசை.

சகாயிங் பிளவு, அதாவது இரு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும் நீண்ட விரிசல், ஏறக்குறைய நேர் வடக்கு தெற்காகப் போகிறது. மாண்டலே, நேப்பிடோ, பெகு எல்லாம் அதன் ஓரத்தில் இருக்கிற ஊர்கள். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலம் குலுங்கியபோது மேற்குப் பக்கம் வடக்கேயும் கிழக்குப் பக்கம் தெற்கேயும் நகர்ந்தன. சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு விட்டது. சில இடங்களில் இரு பக்கமும் ஒன்றையொன்று தாண்டி நான்கைந்து மீட்டர் போய்விட்டன.

ரேடார் செயற்கைக்கோள்களும் துருவத்துக்குத் துருவம், கிட்டத்தட்ட வடக்கு தெற்காகத்தான் பறக்கின்றன. பக்கவாட்டில், அதாவது கிழக்கையோ மேற்கையோ பார்த்து அலையை அனுப்புகின்றன. இரண்டு நாட்களில் எடுத்த அலைகளை ஒப்பிடும் முறையில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: செயற்கைக்கோளுக்கும் தரைக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு மாறியது என்பது. நிலம் மேலே கீழே போனாலும் கிழக்கு மேற்காக நகர்ந்தாலும் அந்தத் தூரம் நன்றாக மாறும். வடக்கு தெற்காக நகர்ந்தால் அவ்வளவாக மாறாது. நம் பிளவு செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான்!

ஒளிப்படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 ஒரு படப்புள்ளிக்கு 10 மீட்டர் என்ற அளவில் படம் எடுக்கிறது. நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கணினியில் பொருத்திப் பார்த்தால், புள்ளியில் பத்தில் ஒரு பங்கு நகர்வைக்கூடக் கண்டுபிடிக்க முடியும். அது சுமார் ஒரு மீட்டர். வடக்கோ கிழக்கோ, எல்லாத் திசையும் ஒன்றுதான். மார்ச் மாதம் இங்கே வெயில் காலம், வானத்தில் மேகம் குறைவு. அதனால் இந்த முறை பிளவின் சறுக்கலை ஒளிப்படம் மிகத் தெளிவாகக் காட்டியது.

ரேடாரிலும் படத்தோடு படத்தைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 பறக்கும் திசையில் அதன் கூர்மை, அதாவது பிரித்துக் காட்டும் அளவு, சுமார் 20 மீட்டர்தான். நமக்கு வேண்டிய வடக்கு தெற்கு அளவு அந்தத் திசையிலேயே இருப்பதால் விடை கரடுமுரடாக வருகிறது. அதன் அலைநீளமும் 5.6 சென்டிமீட்டர். பெகு, தட்டோன், மோல்மேன் பக்கத்து நெல் வயல்களில் பயிர் வளர வளர அந்த அலை குழம்பிப்போகும். ஜப்பானின் ஏலோஸ்-2 பயன்படுத்தும் 24 சென்டிமீட்டர் அலை இலைகளைத் தாண்டித் தரையைத் தொடும். ரேடார்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கச் சொன்னால், நம் நாட்டு மண்ணுக்கு நீண்ட அலைதான் என்பேன்.

இதற்காக ரேடாரைக் குறைத்து மதிப்பிட முடியாது. இதே நடுக்கம் ஜூலையில் வந்திருந்தால்? பருவமழை மேகத்துக்கு மேலிருந்து ஒளிப்படம் வாரக்கணக்கில் வெள்ளையைத்தான் காட்டியிருக்கும். ரங்கூனில் நிலம் மெல்லத் தாழ்வதை அளந்ததும் ரேடார்தான். அது மேலே கீழே போகும் அசைவு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். 10 மீட்டர் படப்புள்ளியில் அது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

வேறு கிரகங்களில் இந்தப் போட்டியே எழாது. வெள்ளியின் மேகம் ஒருபோதும் விலகுவதில்லை. 1990 முதல் 1994 வரை மெகல்லன் விண்கலம் அதன் மேற்பரப்பில் 98 சதவீதத்தை ரேடாராலேயே வரைந்தது. 1991இல் சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரேடார் படங்களை ஒப்பிட்டு, மாத் மோன்ஸ் எரிமலையின் வாய் ஒன்று பெரிதானதை 2023இல் கண்டுபிடித்தார்கள். செவ்வாயிலும் நிலாவிலும் மேற்பரப்பின் நுணுக்கம் வேண்டுமென்றால் ஒளிப்படம்தான் முன்னே நிற்கிறது.

சரி, அடுத்து என்ன? சகாயிங் பிளவு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நகர்வை உள்ளுக்குள் சேர்த்து வைக்கிறது. பெகுப் பக்கம் கடைசியாகப் பெரிதாக விட்டது 1930 மே மாதம். அங்கே சேரும் இழுவிசையை ஒளிப்படம் காட்டாது, ரேடாரும் திசை காரணமாகத் திணறும். தரையில் நட்ட ஜிபிஎஸ் நிலையங்கள்தான் அதைச் சரியாகச் சொல்லும். அவை நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

ஒருவேளை நிலம் விட்டுவிட்டால், வெயில் காலத்தில் முதலில் சென்டினல்-2 படத்தைத் தேடுங்கள். மழைக்காலமானால் நிசார் ரேடார். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்த இந்திய அமெரிக்கச் செயற்கைக்கோளில் 24 சென்டிமீட்டர் அலை இருக்கிறது. பறக்கும் திசையில் கூர்மை சுமார் 7 மீட்டர். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வரும், தரவும் இலவசம். வடக்கு தெற்கு நகர்வை மேகத்துக்கு அடியில் பிடிக்க இப்போது அதுதான் நல்ல வழி.