பினாங்கு அசாம் லக்சா: பூ நறுக்கிப் போட்ட மீன் குழம்பு

பினாங்கு போகிறவர்கள் நாசி கண்டார், அதாவது பலவகைக் குழம்பு ஊற்றிய சோறு, சாப்பிடாமல் திரும்புவதில்லை. நல்லதுதான். ஒரு வேளையை மட்டும் அசாம் லக்சாவுக்கு ஒதுக்கி வையுங்கள். நான் சாப்பிட்டது கெக் லோக் சி கோயில் மலைக்குக் கீழே, ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஒரு ரோட்டோரக் கடையில். பத்து ரிங்கிட்டுக்குள் வயிறு நிறைந்துவிடும்.

கெம்போங் மீனை, அதாவது நம்ம காணாங்கெளுத்தியை, அவித்து உதிர்த்துப் புளித்தண்ணீரில் கொதிக்க விடுகிறார்கள். குடம்புளிக்கு உறவான அசாம் கெலுகோர் வற்றலும் சேர்கிறது. தேங்காய்ப்பால் கிடையாது. தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் இதை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், மிளகாய், புதினா தூவித் தருகிறார்கள். முதல் வாய் அப்படியே ஊர் மீன் குழம்பு. அப்புறம் ஒரு மணம் மேலே வருகிறது பாருங்கள், அதுதான் புங்கா கந்தான்.

இஞ்சிக் குடும்பத்துப் பூ இது. இலைத்தண்டில் பூக்காமல், மண்ணிலிருந்தே தனிக் காம்பு விட்டு எழும்பும். சமையலுக்கு விரியாத மொட்டுதான் வேண்டும். கடைக்கார அம்மாவிடம் கேட்டேன், ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இளஞ்சிவப்பு, மெழுகில் வார்த்தது போன்ற இதழ்கள், அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கின்றன. கத்தி பட்டதும் இஞ்சியும் எலுமிச்சை இலையும் கலந்த வாசனை விரல்வரை ஏறுகிறது. செடியாகப் பார்க்க ஆசையென்றால் 101 பஸ்ஸில் தெலுக் பாஹாங் வாசனைப் பயிர்த் தோட்டத்துக்குப் போங்கள்.

கடையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஹேகோ என்கிற கறுத்த, இனிப்பான இறால் விழுதைக் கேட்காமலே நிறையக் கலந்துவிட்டார்கள். புளிப்பும் பூ மணமும் அமுங்கிப்போயின. இரண்டாவது கிண்ணத்துக்குத் தனியாகக் கரண்டியில் வாங்கிக்கொண்டேன். அதுதான் உண்மையான ருசி.

சைவக்காரர்களுக்கு இது சரிப்படாது. முட்டை சாப்பிடுவீர்களென்றால் பூலுட் தைதை தேடுங்கள்: தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசி, அங்கங்கே சங்குப்பூச் சாற்றின் நீலம், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிளறிய ‘காயா’ என்கிற இனிப்பு. நாம் சாமிக்குச் சாத்துகிற பூவை இவ்வளவு அழகாகச் சோற்றில் ஏற்றியிருக்கிறார்கள்! தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரங்களும் நிற்கின்றன. அந்தப் பூவை மட்டும் யாரும் சாப்பிடுவதில்லை.

லக்சா சொல்லும்போதே கந்தான் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார்கள்.